நிற்க இடம் தேடிய குட்டிக் கார்கள்: ஆம்ஸ்டர்டாமிலிருந்து பாரிஸ் வரை

திங்கள், ஆம்ஸ்டர்டாம்

நகரத்துக்குள் ஓடுவதற்கென்றே வடிவமைக்கப்பட்டு, பெரும்பாலும் சோதனை நிலையைத் தாண்டாமலே நின்றுபோன சிறு கார்களின் தடத்தைப் பிடித்துக்கொண்டு சில ஐரோப்பிய நகரங்களுக்குப் போய்வரலாம் என்று திட்டமிட்டபோது, பயணத்தை ஆம்ஸ்டர்டாமில்தான் தொடங்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இருக்கவில்லை. மற்ற ஊர்களில் இத்தகைய கார்களை நிறுவனங்கள் கற்பனை செய்தன. இந்த ஊரிலோ ஒரு குடிமகன் கற்பனை செய்தார். லூட் ஸ்கிம்மல்பெனிங்க் என்ற அந்த வடிவமைப்பாளர், 1965இல் ப்ரோவோ என்ற டச்சு இளைஞர் எதிர்ப்பு இயக்கத்தினரோடு சேர்ந்து, யார் வேண்டுமானாலும் எடுத்து ஓட்டிவிட்டு விட்டுச் செல்லக்கூடிய வெள்ளை சைக்கிள்களை நகருக்குப் பரிந்துரைத்தவர். அதே சிந்தனையைக் காருக்கும் நீட்டியபோது பிறந்ததுதான் விட்கார்.

அதன் முதல் நிலையம் 1974 மார்ச் 21 அன்று ஆம்ஸ்டல்ஃபெல்ட் சதுக்கத்தில் திறக்கப்பட்டது. பிரின்சன்ஹ்ராக்ட் கால்வாயை ஒட்டி, பதினேழாம் நூற்றாண்டின் மரத் தேவாலயம் ஒன்றைத் தன் ஓரத்தில் வைத்திருக்கும் அந்தச் சதுக்கத்தில், திங்கட்கிழமை என்பதால் இன்று செடிச் சந்தை கூடியிருந்தது. லாவெண்டர் தொட்டிகளுக்கும் தக்காளி நாற்றுகளுக்கும் நடுவே நின்றுகொண்டு, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இங்கே வரிசையில் நின்ற கார்களைக் கற்பனை செய்து பார்த்தேன். மூன்று சக்கரம், இரண்டு இருக்கை, மின்மோட்டார், மணிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வேகம். குனியாமல் ஏறி இறங்க வசதியாக, நீளத்தைவிட உயரமே கண்ணில் படும் வெள்ளைக் கண்ணாடிக் கூண்டு. பழைய நிழற்படங்களில் கோட்டு அணிந்த மனிதர்கள் தொப்பியைக் கழற்றாமலே அதற்குள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆனால் விட்காரின் புதுமை அதன் உடலில் இல்லை. அதை எடுக்கவும் விடவும் வகுத்திருந்த ஏற்பாட்டில் இருந்தது. உறுப்பினர் ஒருவர் தம் காந்தச் சாவியை நிலையத்தில் செருகி, போக வேண்டிய நிலையத்தின் எண்ணைத் தெரிவிக்க வேண்டும். மையக் கணினி முதலில் பார்ப்பது இங்கே கார் இருக்கிறதா என்பதை மட்டுமல்ல, அங்கே அந்தக் காரை நிறுத்த இடம் காலியாக இருக்கிறதா என்பதையும்தான். இடம் உறுதியான பிறகே கார் கைக்கு வரும். நிலையத்தில் நிற்கும் நேரத்திலேயே பேட்டரி மின்னேற்றம் பெற்றுக்கொள்ளும். இன்று கைப்பேசிச் செயலிகள் செய்யும் வேலையை 1974இல் ஒரு கூட்டுறவுச் சங்கம் செய்திருக்கிறது என்பதை நினைக்கும்போது, சதுக்கத்தில் அதற்கொரு சிறு நினைவுப்பலகைகூட என் கண்ணில் படாதது சற்று உறுத்தத்தான் செய்தது.

ஆயிரக்கணக்கானோர் உறுப்பினராகச் சேர்ந்தும், ஓடியவை சில பத்துக் கார்கள்தாம். நிலையங்களோ விரல்விட்டு எண்ணிவிடக்கூடியவை. இந்த எண்ணிக்கையில்தான் திட்டத்தின் முடிவும் அடங்கியிருந்தது. காலையில் எல்லோரும் ஒரே திசையில் போவார்கள். போன இடத்தில் நிறுத்துமிடம் நிரம்பிவிடும். நிரம்பிவிட்டால் கணினி அடுத்தவருக்குக் கார் தராது. புறப்பட்ட இடத்தில் ஆள் நிற்க, சேர்ந்த இடத்தில் கார் நிற்கும். நிலையங்களைப் பெருக்கியிருந்தால் இந்த நெருக்கடி தானாகத் தளர்ந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது; ஆனால் ஒவ்வொரு நிலையத்துக்கும் தெருவில் நிலம் வேண்டும், அந்த நிலம் நகராட்சியின் கையில் இருந்தது. தொடங்கியபோது இருந்த அளவிலேயே ஏறக்குறைய தேங்கிப்போன திட்டம் 1986இல் முடிவுக்கு வந்தது.

மாலையில் கால்வாய் ஓரமாக நடந்தபோது, நடைபாதையில் ஏற்றி நிறுத்தப்பட்டிருந்த சிவப்பு நிறக் கன்டா ஒன்றைப் பார்த்தேன். 1.10 மீட்டரே அகலமுள்ள இந்த டச்சு வண்டி, உடல் ஊனமுற்றோருக்காக டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் துணையோடு உருவாக்கப்பட்டு 1995இல் தெருவுக்கு வந்தது. சைக்கிள் பாதையில் ஓடலாம், நடைபாதையில் நிற்கலாம் என்ற சலுகை அதற்கு உண்டு. விட்காருக்குக் கிடைக்காத ஒன்று கன்டாவுக்குக் கிடைத்தது; அது பொறியியல் அல்ல, நிற்பதற்கான அனுமதி. இந்தப் பயணம் முழுவதும் இந்த ஒரு கோணத்திலேயே கார்களைப் பார்ப்பது என்று முடிவு செய்திருக்கிறேன்: எப்படி ஓடியது என்பதை விட்டுவிட்டு, எங்கே நின்றது என்பதை மட்டும்.

செவ்வாய், ரயிலில்

பகல் முழுவதும் ரைன் நதிப் பக்கமாகத் தெற்கு நோக்கிய பயணம். எழுத அதிகமில்லை, படித்துவந்த ஒரு கிளைக்கதையை மட்டும் பதிந்துவைக்கிறேன்.

நிற்கும் இடத்தைக் குறைப்பதற்காகக் காரையே மடக்கிவிடலாம் என்று எண்ணியவர்களும் உண்டு. ரெனோ நிறுவனம் மாத்ரா என்ற இன்னொரு பிரெஞ்சு நிறுவனத்தோடு சேர்ந்து 1992இல் காட்டிய ஸூம் என்ற மின்கார், ஓடும்போது 2.65 மீட்டர் நீளம். நிறுத்தும்போது பின்சக்கரங்களை அடிப்பக்கமாக உள்ளிழுத்துக்கொண்டு 1.85 மீட்டராகச் சுருங்கும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் வில்லியம் மிட்செல் தலைமையில் உருவான சிட்டிகார் என்னும் கருத்தும் இதே வழியில் சென்றது. அதை அடியொற்றி ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் உருவான ஹிரிகோ 2012 ஜனவரியில் பிரஸ்ஸல்ஸில் பெரும் ஆரவாரத்தோடு அறிமுகமாகி, உற்பத்திக்கு வராமலே மறைந்தது.

மடங்கும் கார்களை நான் நம்பவில்லை. மடங்கும் ஒவ்வொரு மூட்டும் எடை, செலவு, பழுது ஆகிய மூன்றையும் கூட்டும். விபத்தில் உறுதியாக நிற்க வேண்டிய உடலில் அசையும் பகுதிகளைச் சேர்ப்பது எந்தப் பொறியாளருக்கும் தலைவலி. அவ்வளவு பாடுபட்டு மிச்சப்படுத்திய 80 சென்டிமீட்டரை நகரம் எதற்குப் பயன்படுத்திக்கொள்ளும் என்ற கேள்விக்கு இந்தத் திட்டங்கள் எதிலும் தெளிவான பதில் இல்லை. நாளை பார்க்கப்போகும் ஊரில்தான் அந்தக் கேள்வியை ஒருவர் அளவுகோலை வைத்துக்கொண்டு கேட்டார்.

புதன், ஸ்டுட்கார்ட்

மெர்சிடிஸ் பென்ஸ் அருங்காட்சியகத்தில் முதலில் மின்தூக்கி ஏறி உச்சித் தளத்துக்குப் போக வேண்டும். கதவு திறந்ததும் எதிரே நிற்பது கார் அல்ல, குதிரை. அங்கிருந்து 1886ஆம் ஆண்டு மூன்று சக்கர வண்டியில் தொடங்கி, சுழன்று சுழன்று கீழிறங்கும் பாதையில் நூற்றாண்டுகளைக் கடந்துவரலாம். யூஎன்ஸ்டூடியோ என்ற டச்சுக் கட்டடக்கலை நிறுவனம் வடிவமைத்து 2006இல் திறக்கப்பட்ட இந்தக் கட்டடத்தின் அழகைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுவிட்டதால் நான் கடந்துசெல்கிறேன். அங்கே கூட்டம் மொய்ப்பது வெள்ளிநிறப் பந்தயக் கார்களையும் இறக்கைபோல் கதவு திறக்கும் 300 எஸ்.எல்.லையும்தான். நான் வந்தது நாஃபா என்ற சுருக்கப் பெயர் கொண்ட, அழகென்று யாரும் சொல்லத் துணியாத ஒரு சோதனைக் காரின் பொருட்டு.

1981இல் உருவான நாஃபா 2.50 மீட்டர் நீளம், 1.50 மீட்டர் அகலம், 1.50 மீட்டர் உயரம் கொண்ட இரு இருக்கைக் கார். குறைந்த தூர நகரப் பயணத்துக்கு மட்டும் என்று எண்ணப்பட்டது. அந்த 2.50 மீட்டர் என்ற எண் தற்செயலானதல்ல. பெரிய கார்கள் தெருவோரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் வரிசையில், இந்தக் கார் நடைபாதையை நோக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டு, குறுக்காக நிற்கலாம் என்பதே கணக்கு. ஒரு பெரிய கார் அடைக்கும் நீளத்தில் இப்படி இரண்டு, நெருக்கினால் மூன்று கார்கள்கூட நிற்கும். குறுக்காக நெருக்கி நிறுத்தினால் பக்கத்துக் கதவை வெளிப்புறம் திறக்க இடமிருக்காது. ஆகவே கதவுகள் பக்கவாட்டில் சறுக்கித் திறந்தன. நெருக்கமான இடத்தில் ஒரே மூச்சில் வளைந்து நுழைய வேண்டும். ஆகவே நான்கு சக்கரங்களும் திரும்பின. காரின் ஒவ்வோர் உறுப்பும் நிற்பதற்காகவே தீட்டப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். இதைப் போல ஒரே நோக்கத்துக்கு முழுமையாகக் கட்டுப்பட்ட காரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நாஃபா அப்படியே கிடப்பில் போடப்பட்டது. இரண்டரை மீட்டருக்குள் அந்த நிறுவனம் தன் பெயரைப் பொறிக்கத் துணியும் அளவு மோதல் பாதுகாப்பை அன்றைய தொழில்நுட்பத்தால் தர முடியவில்லை. ஆனால் 1970களின் தொடக்கத்திலிருந்தே இந்தக் கனவைச் சுமந்துவந்த யோஹான் டோம்ஃபோர்டே என்ற பொறியாளர் அதைக் கைவிடவில்லை. மறுபக்கம், ஸ்வாட்ச் கடிகாரங்களின் நிக்கொலாஸ் ஹாயெக், மலிவான, வண்ணமயமான, சூழலைக் கெடுக்காத இரு இருக்கைக் கார் ஒன்றுக்குக் கூட்டாளி தேடிக்கொண்டிருந்தார். 1991இல் ஃபோக்ஸ்வாகனோடு செய்துகொண்ட உடன்பாடு, 1993இல் ஃபெர்டினாண்ட் பீஹ் அந்த நிறுவனத்தின் தலைமைக்கு வந்ததும் முறிந்தது. அடுத்து மெர்சிடிஸ். 1994 மார்ச்சில் இரு தரப்பும் சேர்ந்து அறிமுகப்படுத்திய இரண்டு மாதிரிக் கார்களின் நீளமும் ஏறத்தாழ நாஃபாவின் நீளமே.

அதிலிருந்து வந்த ஸ்மார்ட் காரைப் பற்றித் தமிழில் எழுதுவோர் பெரும்பாலும் அதன் குட்டி உருவத்தை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். உள்ளே நடந்தது அதைவிடச் சுவையானது. எஞ்சின் பின்னால், தளத்துக்கு அடியில் சென்றது. பயணிகளைச் சுற்றி உருக்குக் கூடு ஒன்று அமைந்து, அந்தக் கூடே வெளித்தோற்றத்தின் அடையாளமாகவும் வேறு நிறத்தில் காட்டப்பட்டது. இருவரின் தோள்களும் இடித்துக்கொள்ளாதபடி பயணியின் இருக்கை ஓட்டுநருடையதைவிடச் சற்றுப் பின்தள்ளி வைக்கப்பட்டது. 1997இல் ஸ்வீடனில் மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் கார் திடீர்த் திருப்பச் சோதனையில் கவிழ்ந்த பிறகு, ஸ்மார்ட்டின் நிலைத்தன்மையும் மறுபரிசீலனைக்கு உள்ளாகி, விற்பனை 1998 அக்டோபருக்குத் தள்ளிப்போனது. அதே ஆண்டில் ஸ்வாட்ச் விலகிக்கொண்டது. ஹாயெக் கேட்ட, எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட் கார் வரவே இல்லை.

இனி, தெரு. மதியத்துக்கு மேல் பையிலிருந்த அளவு நாடாவோடு பாட் கான்ஷ்டாட் பகுதியின் குடியிருப்புத் தெருக்களில் சுற்றினேன். ஒரு முதியவர் என்னை நகராட்சி ஊழியர் என்று எண்ணி ஏதோ முறையிட முற்பட்டார். தெருவோர நிறுத்தக் கட்டங்கள் ஏறக்குறைய இரண்டு மீட்டர் அகலத்துக்குக் கோடு போடப்பட்டவை. 2.50 மீட்டர் காரைக் குறுக்காக நிறுத்தினால் அரை மீட்டர் தெருவுக்குள் துருத்தும். ஜெர்மன் போக்குவரத்து விதி, இடத்தை மிச்சப்படுத்தி நிறுத்துங்கள் என்கிறது. அதைக் காட்டிக் குறுக்காக நிறுத்தலாம் என்று வாதிடுவோரும் உண்டு, கூடாது என்போரும் உண்டு. என் கண்ணில் பட்ட ஸ்மார்ட் கார்களில் பெரும்பாலானவை கோட்டுக்குள் நேராகவே நின்றன. ஐந்து மீட்டர் கட்டத்துக்குள் இரண்டரை மீட்டர் கார். மீதி இடத்தில் வேறெதுவும் நுழைய முடியாது. சின்னக் காரின் சிறுமையை வெள்ளைக் கோடு விழுங்கிவிடுகிறது!

கட்டங்கள் இப்படி இருக்க, காரும் தன் அளவைக் காப்பாற்றிக்கொள்ளவில்லை. 2007இல் வந்த இரண்டாம் தலைமுறை ஸ்மார்ட், அமெரிக்கச் சந்தையின் மோதல் விதிகளையும் மனத்தில் கொண்டு ஏறத்தாழ 2.70 மீட்டராக நீண்டது. இருபது சென்டிமீட்டர்தான், ஆனால் குறுக்காக நிற்பதற்கென்றே தேர்ந்தெடுத்த எண்ணை அது தாண்டிவிட்டது. பிரான்ஸின் ஹாம்பாக் ஆலையில் இரு இருக்கை ஸ்மார்ட்டின் உற்பத்தி 2024இல் நின்றது. அதே பெயரில் இப்போது சீனக் கூட்டாளியோடு சேர்ந்து விற்கப்படும் முதல் மாதிரியின் நீளம் நான்கேகால் மீட்டருக்கு மேல். டோம்ஃபோர்டே என்ன நினைப்பாரோ.

வெள்ளி, டூரின்

நேற்று முழுவதும் ஆல்ப்ஸ் மலையைக் கடப்பதிலேயே போயிற்று. இன்று காலை போ நதிக்கரையை ஒட்டிய தேசிய ஆட்டோமொபைல் அருங்காட்சியகத்துக்குச் சென்றேன்.

இங்கே என்னைக் கட்டிப்போட்டது 1968ஆம் ஆண்டு டூரின் கார்க் கண்காட்சியில் ஃபியட் காட்டிய சிட்டி டாக்ஸி. ஃபியட் 850இன் இயந்திர உறுப்புகள் மேல் எழுப்பப்பட்ட இந்த வாடகைக் காரை வரைந்தவர் பியோ மன்ட்சு. சிற்பி ஜியாகோமோ மன்ட்சுவின் மகன். ஜெர்மனியின் ஊல்ம் வடிவமைப்புப் பள்ளியில் படித்தவர். அழகைவிடப் பயன்பாட்டைக் கறாராகக் கேள்வி கேட்கும் அந்தப் பள்ளியின் பயிற்சி இந்தக் காரில் தெரிகிறது. காரின் இரு பக்கங்களும் ஒன்றுபோல் இல்லை. ஓட்டுநர் பக்கத்தில் சாதாரணக் கதவு. நடைபாதைப் பக்கத்தில் பயணிகளுக்கான அகலமான சறுக்குக் கதவு. ஓட்டுநரின் அருகிலுள்ள இருக்கையை மடக்கிவிட்டால் அங்கே பெட்டிகளை வைக்கலாம். தெருவுக்கு ஒரு முகமும் நடைபாதைக்கு வேறொரு முகமும் காட்டும் கார் இது.

நாஃபா நெடுநேரம் நிற்பதற்கான கார் என்றால், சிட்டி டாக்ஸி நொடிக்கணக்கில் நிற்பதற்கான கார். வாடகைக் கார் ஒரு நாளில் எத்தனையோ முறை நிற்கிறது. ஒவ்வொரு முறையும் கதவு வெளியே விரிந்து சைக்கிள்காரரை இடிக்காமல், ஏறுபவர் குனிந்து வளையாமல், பின்னால் வருபவர் ஒலிப்பானை அழுத்தாமல் அது நின்று புறப்பட வேண்டும். இந்தப் பயணத்தில் பார்த்த எல்லாக் கார்களிலும், இன்றைக்கே ஒரு நகராட்சி எடுத்துப் பயன்படுத்தலாம் என்று எனக்குத் தோன்றியது இது ஒன்றுதான். மன்ட்சு அதற்குப் பின் நெடுநாள் வாழவில்லை. ஃபியட் 127இன் மாதிரியை நிறுவனத்துக்குக் காட்ட 1969 மே மாதத்தில் டூரினுக்குக் கார் ஓட்டி வரும் வழியில் விபத்தில் இறந்தார், வயது முப்பது. 127 பின்னர் ஐரோப்பாவில் பெரும் வெற்றி கண்டது. டாக்ஸி தயாரிப்புக்குப் போகவே இல்லை.

1970களில் ஃபியட் உருவாக்கிய எக்ஸ்1/23 என்ற இரு இருக்கை மின்காரைப் பற்றி ஒரு வரி: எண்ணெய் நெருக்கடிக் காலத்தில் பல நிறுவனங்கள் இப்படியொன்றைச் செய்து காட்டின, எண்ணெய் விலை இறங்கியதும் மறந்தன. அதன் பேட்டரியின் எடையையும் ஓடும் தூரத்தையும் ஒப்பிட்டால் மறந்ததில் வியப்பில்லை.

வெளியே வந்து தேநீர்க் கடையில் அமர்ந்திருந்தபோது, 1953இல் மிலான் அருகே பிறந்த இசெட்டாவை நினைத்துக்கொண்டேன். முன்முகம் முழுவதுமே கதவாகத் திறக்கும் அந்தக் கார், நடைபாதையை நோக்கி நிறுத்திவிட்டு நேராக நடைபாதையிலேயே காலை வைத்து இறங்க வழிசெய்தது. நாஃபா கேட்ட கேள்விக்கு அது பிறப்பதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் முன்பே இத்தாலியர்கள் ஒரு விடை வைத்திருந்தார்கள், பி.எம்.டபிள்யூ உரிமம் வாங்கி அந்த விடையை ஜெர்மனிக்கே கொண்டுசென்றும் இருந்தது.

ஞாயிறு, பாரிஸ்

இந்த நகரத்தில் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டிய தேவையே இருக்கவில்லை. சோதனைக் கார் தெருவிலேயே ஓடுகிறது. சித்ரோன் நிறுவனம் 2019இல் ஜெனீவாவில் அமி ஒன் என்ற மாதிரியைக் காட்டியபோது, இதுவும் மேடையோடு முடிந்துவிடும் என்றே நானும் நினைத்தேன். மறு ஆண்டே அமி விற்பனைக்கு வந்தது. 2.41 மீட்டர் நீளம், பேட்டரியோடு சேர்த்து 500 கிலோவுக்கும் குறைந்த எடை, மணிக்கு 45 கிலோமீட்டர் உச்ச வேகம், ஒருமுறை மின்னேற்றினால் ஏறத்தாழ 75 கிலோமீட்டர். செலவைக் குறைக்க முன்புறமும் பின்புறமும் ஒரே தகட்டையே பயன்படுத்தியிருக்கிறார்கள்; இடக்கதவும் வலக்கதவும் ஒன்றே, அதனால் ஒன்று முன்னோக்கியும் மற்றது பின்னோக்கியும் திறக்கிறது. எனக்கு இந்தக் கஞ்சத்தனம் மிகவும் பிடித்திருக்கிறது. உள்ளே அமர்ந்து பார்த்தால் மெத்தென்று எதுவுமில்லை. மழைநாளில் நனையாமல் மூன்று கிலோமீட்டர் போக அது வேண்டியதுமில்லை.

விட்காரின் வழித்தோன்றல் ஒன்றும் இங்கே வாழ்ந்து மறைந்திருக்கிறது. 2011 டிசம்பரில் தொடங்கிய ஆட்டோலிப் திட்டம், பொது மின்கார்களைத் தெருவோர நிலையங்களில் வைத்தது. சேருமிடத்தில் நிறுத்தத்தை முன்பதிவு செய்யும் வசதியும் அதில் இருந்தது. ஆம்ஸ்டர்டாமைப் போலன்றி நிலையங்களுக்குப் பஞ்சமில்லை. இருந்தும் 2018இல் பணக் கணக்கில் அது நின்றுபோனது. ஆக, நிலம் கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று திங்கட்கிழமை நான் எழுதியது முழு உண்மையல்ல. நிலம் இல்லாமல் தொடங்கவே முடியாது என்பது வரைக்கும்தான் அது செல்லும்.

பாரிஸ் நிர்வாகம் இப்போது நிறுத்தக் கட்டணத்தை எடையோடு பிணைத்திருக்கிறது. 2024 பிப்ரவரியில் நடந்த வாக்கெடுப்புக்குப் பிறகு, அவ்வாண்டு அக்டோபர் முதல், 1.6 டன்னுக்கு மேற்பட்ட பெட்ரோல், டீசல், ஹைப்ரிட் கார்களும் 2 டன்னுக்கு மேற்பட்ட மின்கார்களும் வெளியூரிலிருந்து வந்தால் நகர மையத்தில் மணிக்கு 18 யூரோ தர வேண்டும். வாக்களித்தவர்கள் மிகச் சிலரே என்பது வேறு கதை. பருமனுக்குத் தண்டம் விதிக்கும் இந்த ஏற்பாட்டை நான் வரவேற்கிறேன். ஆனால் இதுவும் மேல் எல்லையையே பார்க்கிறது. அரை டன் காருக்கென்று பாதி நீளக் கட்டம் கோடு போட்டுத் தந்திருந்தால், ஸ்டுட்கார்ட்டில் வெள்ளைக் கோடு விழுங்கியதை இங்கே மீட்டிருக்கலாம்.

மாலையில் பதினைந்தாம் வட்டாரத்தில் அமி ஒன்றைப் பூட்டிக்கொண்டிருந்த நடுவயதுப் பெண்மணியிடம், நிறுத்த இடம் எளிதில் கிடைக்கும் என்பதற்காகத்தான் இதை வாங்கினீர்களா என்று கேட்டேன். அவர் சற்று வியப்போடு பார்த்தார். “நிறுத்துவதைப் பற்றி நாங்கள் யோசிக்கவே இல்லை, ஐயா. மகளுக்குப் பதினான்கு வயதானது. ஸ்கூட்டர் கேட்டாள், எனக்கு அச்சம். இதற்குக் கூரையாவது இருக்கிறது” என்றார். பிரான்ஸில் இந்த வகை வண்டியைப் பதினான்கு வயது முதல், முழு ஓட்டுநர் உரிமம் இல்லாமல், சிறு பயிற்சிச் சான்றோடு ஓட்டலாம். வடிவமைப்பாளர்கள் நாற்பது ஆண்டுகளாக மனத்தில் வரைந்துவைத்திருந்தது, அலுவலகத்துக்குத் தனியாகப் போகும் பெரியவரை. வண்டியை விலைக்கு வாங்கியவர்களில் பலர் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பெற்றோர்.

இரவில் எங்கே விடுவீர்கள் என்றும் கேட்டேன். அடுக்ககத்தின் உள்முற்றத்தில் சைக்கிள்களுக்கு அருகில் இடமிருக்கிறதாம். மகளுக்குப் பதினெட்டு வயதாகி உரிமம் கிடைத்ததும் வண்டி அவளுடைய தம்பிக்குப் போகுமாம்.